கரைப் பட்டினங்களும் ஒரு கணினி விளையாட்டும்

சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு வீடு வந்த என் மருமகன் மூன்று நாளாகக் கணினியின் முன்பே குடியிருந்தான். மொறட்டுவையில் பொறியியல் படிக்கிற பிள்ளை. ஆகவே ஏதோ பாடத்தில் ஆழ்ந்திருக்கிறான் என்று எண்ணிய அவன் தாயார், அதாவது என் தமக்கையார், தேநீரையும் பலகாரத்தையும் இருந்த இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் நான் எட்டிப் பார்த்தேன். திரையிலே அறுகோணக் கட்டங்களால் ஆன ஓர் உலகம் விரிந்து கிடந்தது. மலைகள், காடுகள், நீலக் கடல், அதன் ஓரத்திலே ஒரு சின்னஞ்சிறு பட்டினம்.

“என்ன தம்பி, முகம் வாடிப்போய்க் கிடக்குது?” என்றேன்.

“இந்தக் கரைப் பட்டினம் ஒண்டுக்கும் உதவாது, மாமா. ஒரு கலங்கரை விளக்கம் கட்டவே முப்பது முறை வேணுமாம்!”

விஷயம் இதுதான். சிட் மையர் என்னும் அமெரிக்கர் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சிவிலைசேஷன்’ என்ற விளையாட்டின் வழித்தோன்றல் அது. சதுரங்கத்தைப் போலவே ஆட்டக்காரர் முறை வைத்து ஆடவேண்டும். ஒரு முறையில் நகரம் ஒன்று நிறுவலாம். அடுத்த முறையில் உழவைத் தொடங்கலாம். இப்படியே கற்காலத்திலிருந்து விண்கல காலம் வரை ஓர் இனத்தை நடத்திச் செல்லலாம். ஒவ்வொரு நகரத்துக்கும் உணவு வேண்டும், பொன் வேண்டும், உற்பத்தி வேண்டும். உற்பத்திக்கு அடையாளம் ஒரு பற்சக்கரம். குன்றும் காடும் சுரங்கமும் பற்சக்கரங்களை அள்ளித் தருகின்றன. கடலோ மீனைத் தருகிறது, கொஞ்சம் பொன்னைத் தருகிறது, பற்சக்கரம் மட்டும் தருவதில்லை. ஆகவே கரைப் பட்டினத்தார் வயிறு நிறைய உண்டு, மடியில் காசையும் முடிந்துகொண்டு, செய்வதற்கு ஒரு தொழிலுமின்றி அமர்ந்திருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சங்கடத்தை ஓர் அமெரிக்கர் கட்டம் போட்டு வரைந்து வைத்திருக்கிறாரே என்று தோன்றிற்று. நம்மிடம் மலையில்லை, ஆறில்லை. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை ஆறென்று சொல்வது நம் மனத் திருப்திக்காகத்தான். இரும்பில்லை, நிலக்கரியில்லை. சுண்ணாம்புக்கல்லின் மேல் ஒரு படலம் மண்; சுற்றிலும் கடல். இருந்தும் இந்தக் கரையிலே தொழில்கள் நடந்திருக்கின்றன, கப்பல்கள் கட்டப்பட்டிருக்கின்றன. எப்படி நடந்தன என்று அவனுக்குக் காட்டவேண்டும் என்ற ஆசை எழுந்தது.

வேறொரு காரணமும் இருந்தது, அதை மறைப்பானேன்? மயிலிட்டிக் கரையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காணி உண்டு. அதை ஒருவர் விலைக்குக் கேட்டிருந்தார். காணி அவன் பெயருக்கு எழுதப்படவேண்டியது. “பிள்ளையை ஒருக்கால் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டு. பார்த்துவிட்டு விற்கச் சொன்னால் விற்போம்” என்று தமக்கையார் சொல்லியிருந்தார். பயல் அந்தக் காணியைக் கண்ணால் கண்டதில்லை. என் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அவனை ஏற்றிக்கொண்டு இரண்டு நாட் பிரயாணம் புறப்பட்டேன்.

முதல் நாள் மேற்கே போனோம். பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இருபுறமும் பரவைக் கடல் கண்ணாடி போலக் கிடந்தது. இடுப்பளவு நீரில் நின்று வலை இழுப்பவர்களும், வரிசையாக ஊன்றிய தடிகளின் மேல் காத்திருக்கும் நீர்க்காகங்களும் அந்த வழியில் போகிறவர்களுக்குப் பழக்கமான காட்சிகள். மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை என்று கடந்து ஊர்காவற்றுறையை அடைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. ஒரு காலத்தில் எத்தனை கப்பல்கள் கட்டி நின்ற துறை! இன்று கடைத்தெருவில் இரண்டு நாய்கள் நிழல் தேடிக்கொண்டிருந்தன.

போர்த்துக்கேயர் இவ்விடத்தை யானைத் துறை என்றே அழைத்தார்கள். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவுக் களப்பைக் கடத்தி, குடாநாட்டின் ஊடாக நடத்தி வந்து, இங்கே கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஒல்லாந்தரும் அந்த வியாபாரத்தை விடவில்லை. அதற்கும் பல நூற்றாண்டு முன்னே, 12 ஆம் நூற்றாண்டில், முதலாம் பராக்கிரமபாகு மன்னன் பொறித்த தமிழ்க் கல்வெட்டொன்று அண்மையிலுள்ள நயினாதீவில், நாகபூசணி அம்மன் ஆலயத்தில் இருக்கிறது. ஊராத்துறை என்று அதில் காணப்படுவது இந்த ஊர்காவற்றுறையே. அயல்நாட்டு வணிகர் இத்துறைக்கே வந்து கூடவேண்டும் என்பதும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்பதும் அரசனின் ஆணை. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்தது உடைந்தாலோ பாதிக்குப் பாதி.

இதைக் கேட்டதும் மருமகன் துள்ளினான். “வணிகப் பாதை, மாமா! விளையாட்டிலும் இதுதான். வணிகனை அனுப்பினால் பொன் வரும்.”

“பொன் வரும். பற்சக்கரம் வருமோ?”

சற்று யோசித்தான். வெளிநாட்டு நகரத்துக்கு வணிகனை அனுப்பினால் பெரும்பாலும் பொன்தான் கிடைக்குமாம். தொழில் வளர்ந்த தன் சொந்த நகரம் ஒன்றோடு பாதை திறந்தால்தான் புதுப் பட்டினத்துக்கு உணவும் உற்பத்தியும் சேருமாம். ஊர்காவற்றுறையின் கதையும் ஏறத்தாழ அதுவே என்று எனக்குப் பட்டது. இங்கும் கப்பல் கட்டியதுண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் யானைகளும் பொன்னும் இந்தத் துறையின் வழியே போயின, வந்தன. வாங்கியவன் ஓரிடத்தில், பிடித்தவன் ஓரிடத்தில். துறை வழியாக இருந்தது. பாதை வேறிடத்துக்குத் திரும்பியபோது ஊர் உறங்கப் போயிற்று.

துறையிலிருந்து காரைநகருக்குப் ‘பாதை’ ஏறினோம். பிற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். கடலின் நடுவே கடற்கோட்டை தெரிந்தது. ஒல்லாந்தர் அதனைப் பன்றித் தொடையின் பெயரால் ‘ஹாமன்கீல்’ என்று அழைத்தார்களாம். இலங்கைத் தீவின் உருவத்தைக் கண்டு அந்த வர்ணனை பிறந்தது என்பார்கள். எனக்கென்னவோ எவ்வளவு பார்த்தும் தொடை தோன்றவில்லை.

காரைநகரில் 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டவர் உதவியோடு ‘சீநோர்’ என்னும் நிறுவனம் படகுத் தொழிற்சாலை ஒன்றை நடத்திற்று. கண்ணாடியிழைப் படகுகள் இங்கே வார்க்கப்பட்டன. அதே நிறுவனத்தின் வலைத் தொழிற்சாலை யாழ்ப்பாணத்தில் குருநகரில் இருந்தது. கவனியுங்கள்: படகு ஒரு கரையில், வலை இன்னொரு கரையில், இரண்டையும் வாங்குகிற மீனவர்கள் இரண்டுக்கும் இடையில். சீநோர் பின்பு அரசுடைமையாகிக் கொழும்பு மட்டக்குளியில் தொடர்கிறது. காரைநகர்க் கரையில் அதைக் கொண்டுவந்து ஊன்றிய காலத்தில் நடந்ததைத்தான் என் மருமகன் தன் மொழியில் விளக்கினான்.

“விளையாட்டில் துறைமுகத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, மாமா. நகரத்தின் நடுவோடு ஒட்டியிருந்தால் மதிப்புக் கூடும். பக்கத்தில் மீன் கிடைக்கும் கட்டங்கள் இருந்தால் இன்னும் கூடும். பிறகு அதில் கப்பற் பட்டறை கட்டினால், அந்த மதிப்பு எவ்வளவோ அவ்வளவு பற்சக்கரம் கிடைக்கும்.”

“அப்படியானால் பட்டறை தானாக ஒன்றும் தருவதில்லை.”

“இல்லை. பக்கத்தில் என்ன இருக்கோ, அதைப் பொறுத்தது.”

விளையாட்டை ஆக்கியவர் சாமானியர் அல்லர் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். வெனிஸ் நகரத்தை எண்ணிப் பாருங்கள். அதுவும் நம்மைப் போல் களப்பில் மிதக்கிற ஊர், மலையுமில்லை, காடுமில்லை. ஆனால் அதன் ‘ஆர்சனல்’ என்ற கப்பற் கட்டுந்துறை ஐரோப்பாவே வியந்த பட்டறையாக விளங்கிற்று. வடக்கே மலைக்காடுகளில் வெட்டிய மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். கடலோரத்துக் கைகளும் உள்நாட்டு மரமும் ஒன்றையொன்று கண்டுகொண்டன.

இரண்டாம் நாள் வடக்கே போனோம். காங்கேசன்துறை வீதி வழியாக மல்லாகம், தெல்லிப்பழை கடந்ததும் காற்றில் உப்பு ஏறிற்று. கடலைக் காணுமுன்னே சீமெந்து ஆலையைக் கண்டோம். புகைபோக்கிகளுக்குப் புகையில்லை. துருவேறிய இரும்பும் கரைந்த சுவர்களுமாக, ஏதோ பழைய இராச்சியத்தின் இடிபாட்டைப் போல நின்றது.

இந்த ஆலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும். ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950 இல், இங்கே உற்பத்தி தொடங்கியது. சீமெந்துக்கு முக்கியமாய் வேண்டியவை சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும். சுண்ணாம்புக்கல் குடாநாட்டின் முதுகெலும்பு. ஆலையின் காலடியிலேயே வெட்டி எடுத்தார்கள். களிமண் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து வந்தது. 1902 இலேயே காங்கேசன்துறை வரை போடப்பட்டிருந்த ரயில் பாதையும், முற்றத்திலே துறைமுகமும் இருந்தன. பிற்காலத்தில் தென்கோடியிலுள்ள காலியில் ஓர் அரைப்பு ஆலை அமைந்தபோது, அதற்கு வேண்டிய ‘கிளிங்கர்’ என்னும் சுட்ட கட்டிகளும் இங்கிருந்தே சென்றன. ஆக, வடகோடிக் கரைப் பட்டினம் ஒன்று தென்கோடிப் பட்டினத்துக்கு வேலை கொடுத்தது! யாழ்ப்பாணத்தில் அக்காலத்தில் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள், “பையன் சீமெந்துத் தொழிற்சாலையில்” என்ற சொல்லைக் கேட்டால் மேலே விசாரிக்க மாட்டார்கள் என்று என் பாட்டியார் சொல்வதுண்டு. 1990 ஜூனில் போர் மூண்டபோது ஆலை நின்றது. பின்னர் எரியவேயில்லை.

மறுபுறத்தையும் அவனுக்குக் காட்டினேன். கல் வெட்டிய குழிகள் பெருங்குளங்கள் போலக் கிடக்கின்றன. குடாநாட்டுக்குக் குடிநீர் தருவது இந்தச் சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் தங்கும் மழை நீர்தான். அந்த நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கல்லை ஆழமாக வெட்டினாலும், கிணற்றை அளவுக்கு மிஞ்சி இறைத்தாலும், உவர் மேலே வரும். ஆலை மறுபடி வேண்டும் என்று பேசுகிறவர்கள் உளர். வேண்டாம், கிணறுகள் கெடும் என்பவர்களும் உளர். நான் இரண்டாவது கட்சி. கல்லை வேறிடத்திலிருந்து கொண்டுவர முடியுமானால் முதற் கட்சிக்கு மாறத் தயார்.

மருமகன் குழியின் விளிம்பில் நின்று, “இது காடு வெட்டுகிற மாதிரி, மாமா” என்றான். விளையாட்டில் காட்டை வெட்டினால் பற்சக்கரங்கள் ஒரே தடவை குவியல் குவியலாகக் கிடைக்கும். அவசரத்துக்கு உதவும். பிறகு அந்தக் கட்டத்தில் காடு இராது.

துறைமுகப் பக்கம் போனோம். 2023 அக்டோபரில் நாகபட்டினத்துக்கும் இதற்கும் பயணிகள் கப்பல் தொடங்கியது. தொடங்கிய சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடிற்று. ரயிலும் 2015 தொடக்கத்தில் மறுபடி இங்கு வந்துவிட்டது. இவையெல்லாம் நல்லவைதாம். ஆனால் கப்பலில் வருகிறவர் சூட்கேசோடு இறங்கி, வாகனம் ஏறி, நல்லூருக்குப் போய்விடுகிறார். இந்தப் பட்டினத்தில் செய்த எந்தப் பொருளும் அந்தக் கப்பலில் ஏறுவதை நான் காணவில்லை.

காங்கேசன்துறையிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரந்தான் மயிலிட்டி. போகப் போக மருமகன் பேசுவதை நிறுத்திவிட்டான். நானும் அதிகம் பேசவில்லை.

1990 ஜூனில் இந்த ஊரை விட்டு நாங்கள் ஓடியபோது எனக்கு வயது பன்னிரண்டு. அந்த நாளில் நாட்டின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்று மயிலிட்டி. வைகறையில் இயந்திரப் படகுகள் திரும்பும் ஓசை வீட்டுக்குள் கேட்கும். எங்கள் தகப்பனாருக்கு ஒரு படகு இருந்தது. அதைவிட அவருக்குப் பெருமை தந்தது வளவின் கோடியிலிருந்த கொட்டில். அங்கே பிறருடைய படகுகளுக்குப் பலகை மாற்றுவார். இயந்திரம் பழுது பார்ப்பார். கரையிலே ஐஸ் உடைக்கிறவர், கூடை முடைகிறவர், கருவாடு காயப்போடுகிற பெண்கள், லொறிக்காரர், வலை பொத்துகிற கிழவர் என்று ஒரு படகுக்குப் பின்னால் பத்துக் குடும்பம் இருந்தது. மீன் உணவுதான், அந்தப் பத்துக் குடும்பமும் சேர்ந்தபோது அது தொழிலாயிற்று.

பிறகு வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2017 ஜூலை 3 ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கரும் விடப்பட்டன. வேறு பகுதிகள் பின்னர் வந்தன. 27 ஆண்டுகள்! அந்த விளையாட்டில் பிற்காலத்துக்கு வந்துவிட்டால் ஒரு முறைக்கு ஓராண்டு என்று மருமகன் முன்பே சொல்லியிருந்தான். ஆகவே அவனிடம் கணக்காகச் சொன்னேன்: “தம்பி, இந்தப் பட்டினத்துக்கு 27 முறை ஆட்டம் கிடைக்கவில்லை.”

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

துறைமுகம் இப்போது வெறுமையாக இல்லை. 2019 இல் புதுப்பித்த முதற் கட்டம் திறக்கப்பட்டது. 2025 செப்டெம்பரில் மூன்றாம் கட்ட வேலை தொடக்கிவைக்கப்பட்டது. அலைதடுப்பும் மேடையும் நன்றாகவே இருக்கின்றன. ஒரு பக்கத்தில், எல்லை தாண்டி மீன்பிடித்ததற்காகக் கைப்பற்றப்பட்ட இந்திய இழுவைப் படகுகள் கட்டிக் கிடந்தன. அவற்றின் பலகைகள் உளுத்துக்கொண்டிருந்தன. அடிமடி இழுவை முறை கடலின் அடித்தளத்தையே வாரிச் செல்வது. இலங்கை 2017 இல் அதைச் சட்டத்தால் தடுத்தது. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் தமிழ் பேசுகிற மீனவர்கள் ஒரே மீனுக்காக மோதிக்கொள்வது காணச் சகியாத காட்சி. மீன் கட்டம் வறண்டால் துறைமுகத்தின் மதிப்புக் குறையும் என்பதற்குக் கணினி வேண்டியதில்லை.

மேடையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் தகப்பனாரை அறிந்தவராக இருந்தார். நான் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

“கொப்பரின்ரை கொட்டிலில்தானே என்ரை முதல் வள்ளம் திருத்தினது! இப்ப இயந்திரம் நிண்டால் ஊர் ஊராய் ஆளைத் தேடவேண்டிக் கிடக்கு. துறைமுகம் வந்திட்டுது தம்பி. கை வரேல்லை.”

“பழைய ஆட்கள் ஒருவருமில்லையோ, ஐயா?” என்று மருமகன் கேட்டான்.

“ஒராள் கனடா. ஒராள் பிரான்ஸ். ரெண்டு பேர் முகாமிலையே கண்ணை மூடிட்டினம். பிள்ளையளுக்கு ஆர் பழக்கினது? கடலைக் காணாமல் வளர்ந்த பிள்ளையள்.”

எங்கள் காணி கரையிலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கிறது. வீடு இல்லை; அத்திவாரக் கற்களின் வரிசை மட்டும் புல்லுக்குள் தெரிகிறது. இரண்டு பனைகள், ஒரு பூவரசு, தூர்ந்த கிணறு. கொட்டில் இருந்த இடத்தில் நிலம் கடலை நோக்கிச் சற்றே சரிந்திருந்தது. படகுகளை உருளைகளின் மேல் ஏற்றி இழுப்பதற்காகத் தகப்பனார் வெட்டிய சரிவு அது. மருமகன் அதைத்தான் நெடுநேரம் பார்த்தான். குனிந்து, கையால் அளந்தான். விற்பதா, வேண்டாமா என்று நான் கேட்கவில்லை.

அங்கிருந்து அச்சுவேலி வழியாகச் சுற்றித் தொண்டைமானாற்றை அடைந்தோம். சந்நிதி முருகனை வணங்கிவிட்டுப் பாலத்தடியில் இளநீர் குடித்தோம். கருணாகரத் தொண்டைமான் கரணவாய், வெள்ளப்பரவைப் பக்கத்தில் விளைந்த உப்பைக் கப்பலில் ஏற்றுவதற்காக இந்தக் கழியை வெட்டி ஆழப்படுத்தினான் என்பது யாழ்ப்பாணத்து மரபுரை. வரலாற்றுக்காரர் அதை எவ்வளவு ஒப்புவார்களோ தெரியாது. ஆனால் கதை சொன்னவனுக்குத் தொழிலின் சூட்சுமம் தெரிந்திருக்கிறது. உப்பு ஓரிடத்தில் கிடந்தது, கப்பல் ஓரிடத்தில் நின்றது. இடையில் வழி வெட்டினான். ஆனையிறவு உப்பளமும், அதற்கப்பால் பரந்தனில் அந்த உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் செய்த இரசாயன ஆலையும் அப்படியே ஒன்றுக்கொன்று அண்டை வீட்டாராக இருந்தவை. இரண்டையும் போர் மூடிற்று. உப்பளம் திரும்பியிருக்கிறது, 2025 மார்ச்சில் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது.

மாலை வெயிலில் வல்வெட்டித்துறை. இந்த ஊரைப் பற்றி எழுத ஒரு கட்டுரை போதாது. பாய்க்கப்பல்களைத் தாமே கட்டி, தாமே செலுத்தி, இரங்கூனுக்கும் கொச்சிக்கும் தூத்துக்குடிக்கும் சென்ற ஊர். குடாநாட்டுப் புகையிலையும் கருவாடும் பனம் பொருளும் போயின. பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் வந்தன. வந்த மரம் கப்பலாயிற்று. அந்தக் கப்பல் மறுபடி மரம் கொண்டுவந்தது. ஓடாவிகளிடம் வரைபடம் இல்லை. கணக்கு மனத்தில் இருந்தது. பலகையிடுக்குகளில் நாரை அடைத்துக் குங்கிலியம் பூசி நீர் புகாமல் செய்யும் வேலையை மகன் தந்தையின் அருகே அமர்ந்து கற்றான்.

இங்கே வேம்பும் இலுப்பையும் கொண்டு கட்டிய ‘அன்னபூரணி’ என்ற கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கக் கடலோடி விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் நினைவாக ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். 90 அடிக்குச் சற்றுக் குறைந்த நீளம், இயந்திரம் கிடையாது. வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் செலுத்திச் சுயஸ் கால்வாய் வழியாக அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். குளோஸ்டரும் கப்பல் கட்டும் மீனவ ஊர். தங்கள் தொழிலை நன்கறிந்த மனிதர்கள் கரையில் நின்று அந்தக் கப்பலின் பலகைகளைத் தட்டிப் பார்த்திருப்பார்கள் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு.

“இரும்பு இல்லை, மலை இல்லை. வேம்பு எங்கட வளவிலும் நிற்குது!” என்று மருமகன் வியந்தான்.

பிறகு நீராவிக் கப்பல்களும் ரயிலும் போட்டியிட்டன. சுதந்திரத்தின் பின் கடவுச்சீட்டும் அனுமதிப் பத்திரமும் கடலுக்குக் கதவு போட்டன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி இந்தக் கரையையும் வாட்டிற்று. ஓடாவிகளின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். ஊர்க் கடற்கரையில் இன்று கண்ணாடியிழைப் படகுகள் நிற்கின்றன, நல்ல படகுகள்தாம். அவற்றின் பக்கத்தில் ஒட்டியிருந்த முகவரிகளை மருமகன் ஒவ்வொன்றாக வாசித்தான். ஒன்றும் வல்வெட்டித்துறை அல்ல.

பருத்தித்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பருத்தி ஏற்றிய துறை என்பது பெயரிலே மட்டும் நிற்கிறது. கடைத்தெருவில் தட்டை வடை இரண்டு பொதி வாங்கினோம். இந்த வடைதான் இன்றும் இந்தப் பட்டினத்தின் பெயரைத் தாங்கி, ரயிலேறிக் கொழும்புக்கும் விமானமேறி இலண்டனுக்கும் போகிறது. மருமகன் அதைக் கையில் வைத்து, “ஒரு பற்சக்கரம்” என்றான். உருவத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

வீடு வந்தபின் இரவு வெகுநேரம் அவன் அறையில் வெளிச்சம் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். விளையாட்டுத்தான். பழைய ஆட்டத்தைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருந்தான். பட்டினத்தைக் கடலோரத்தில், ஒரு காட்டுக்கும் இரண்டு மீன் கட்டங்களுக்கும் அருகே நிறுவியிருந்தான். காட்டை வெட்டவில்லை. முதல் வணிகனைத் தன் தலைநகரத்துக்கே அனுப்பியிருந்தான்.

மேசையில் ஒரு கொப்பி திறந்து கிடந்தது. அதிலே சரிவு ஒன்றின் படம், அருகில் அடிக்கணக்கு.

காலையில் தமக்கையார் தேநீரோடு வந்து, “காணி விஷயம் என்ன முடிவு? அந்த மனுஷன் நாளைக்கு வாறனெண்டவர்” என்றார்.

“அவரை வரவேண்டாம் என்று சொல்லுங்கோ அம்மா” என்றான் மருமகன். “முதல்ல கிணற்றைத் தூர் வாரி இறைச்சுப் பார்க்கவேணும். தண்ணி நல்லதோ, உவரோ தெரியாமல் ஒண்டும் பேசேலாது.”

கிணறு இறைக்கிற இயந்திரம் யாரிடம் இருக்கும் என்று விசாரிக்க நான் சைக்கிளை எடுத்தேன்.